கமரா வாங்கலாம், பிடிக்கிறது ஆர்?

பெரிய சனி இரவு பதினொரு மணி. கோயிலுக்குள்ள ஒரு லைற்றும் இல்லை. முற்றத்தில் நெருப்பு மூட்டி, அதிலிருந்து பாஸ்காத் திரியைக் கொளுத்திக்கொண்டு ஃபாதர் வாசலடிக்கு வந்துவிட்டார். சனம் முழுக்கக் கொளுத்தாத மெழுகுதிரியைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டுக்குள் நிக்குது. அந்த ஒரு திரியிலிருந்து ஆளுக்கு ஆள் கொளுத்திக் குடுத்து, கோயில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சமாகவேணும். வருசத்தில் ஒரு இரவுதான் இப்படி நடக்கும்.

பின்பக்கத் தூணோடு ஒரு மேசை. அதில் மிக்ஸர், ஒரு பழைய லப்ரொப், ரெண்டு போன், கும்பலாக வயர். அந்த மேசைக்குப் பின்னால்தான் நாங்கள். லைவ் போய்க்கொண்டிருக்கு. கொமென்ற் ஒவ்வொன்றாக வருது. "ஒண்டும் தெரியேல்லை." "கமரா வேலை செய்யேல்லையோ?" "தம்பிமார் லைற்றைப் போடுங்கோ." எங்களில் ஒருவர் பதறிப்போய், பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் இருந்த எல்ஈடி லைற்றைப் போட்டுவிட்டார். கோயில் பளிச்செண்டு வெளிச்சமாகிவிட்டது. லைவில் எல்லாம் வடிவாகத் தெரிஞ்சுது. "நன்றி தம்பிமார்" எண்டு கொமென்றும் வந்தது.

பூசை முடிய ஒரு அம்மம்மா மேசையடிக்கு வந்தா. கோபமாக ஒண்டும் கேக்கேல்லை. "ஏன் பிள்ளையள் லைற்றப் போட்டனீங்கள்? இண்டைக்கு மட்டும்தானே இருட்டு" எண்டு கேட்டுப்போட்டு, எங்கட பதிலுக்கு நிக்காமல் போயிட்டா.

உண்மையில் எங்களிட்டைப் பதிலும் இருக்கேல்லை. வீட்டுக்குப் போகேக்க ஒருத்தரும் பெரிசாகக் கதைக்கவில்லை. அந்த இரவு கோயிலுக்குள் வந்து நிண்ட சனத்தைவிட, போனுக்குள் இருந்த கொமென்றுக்கு நாங்கள் பயந்திட்டம். எப்படி இந்த இடத்துக்கு வந்தம் எண்டதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நாங்கள் ஒரு பங்கின் ஊடகக் குழு. எங்களில் சிலர் கலைப்பீடத்தில் படிக்கிறம், ஒருவர் கடையில் வேலை, ரெண்டு பேர் இப்பதான் ஏஎல் எழுதியிருக்கினம். ஒருத்தரும் சவுண்ட் எஞ்சினியரிங் படிச்சவை இல்லை.

முதலில் ஒரு விசயத்தைச் சொல்லிவிடுகிறோம். "கோயிலுக்குள்ள உந்த வயரும் கமராவும் என்னத்துக்கு?" எண்டு கேக்கிற ஆக்களின் பக்கத்தில் நாங்கள் இல்லை. எங்கட ஊர்களில் விசுவாசத்துக்கும் கருவிகளுக்கும் இருக்கிற தொடர்பு நேற்று வந்தது இல்லை. யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல் கிடந்த 1990களில், எங்கட அம்மா அப்பாமார் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில் றேடியோ கேட்டவை. மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியின் தமிழ் ஒலிபரப்பை அப்படித்தான் கேட்டதெண்டு சொல்லுவினம். திருமறைக் கலாமன்றத்தை நீ. மரியசேவியர் அடிகளார் தொடங்கினது 1965இல். அந்த மன்றம் மேடையேற்றின திருப்பாடுகளின் நாடகங்களில் ஒளியும் ஒலியும் எவ்வளவு பெரிய வேலை எண்டதைப் பார்த்த ஆக்கள் இண்டைக்கும் கதைப்பினம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்பு சாதனங்கள் பற்றிய ஆணையை வெளியிட்டது 1963 டிசம்பர் 4ஆம் திகதி. ஆகவே கோயிலுக்கு ரெக்னோலஜி வேணுமா வேண்டாமா எண்டது பழைய கேள்வி. அதுக்கு எப்பவோ பதில் சொல்லியாச்சு.

எங்களுக்கு இருக்கிற கேள்வி வேற. அந்த சைக்கிளில் ஒருவர் பெடல் சுத்தினால்தான் மற்றவைக்குக் கேக்கும். சுத்தினவருக்குக் கை நொந்தால் இன்னொருவர் மாறுவார். இண்டைக்கு எங்கட கோயில்களில் பெடல் சுத்துறது ஆர்? அவருக்குக் கை நொந்தால் மாற ஆள் இருக்கா?

எங்கட குழு தொடங்கின விதம் அனேகமான பங்குகளில் நடந்ததுதான். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். அடுத்த ஞாயிறு பூசைக்குப் போக ஏலாமல் போனது. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை ஒப்புக்கொடுத்த திருப்பலியை வீடுகளில் இருந்து ரீவியில் பார்த்தம். ஒரு வருசம் போகமுன்னம் கொரோனா. 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு. அந்த வருசம் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 12. சனம் இல்லாத கோயிலில் ஃபாதரும், ஒரு பீடப்பணியாளரும், போனைக் கையில் பிடிச்சுக்கொண்டு ஒரு அண்ணாவும் மட்டும். அந்த அண்ணாதான் எங்கட முதல் ஊடகக் குழு. யேசு பாரம் சுமந்ததைப் போல அவர் அந்த போனை ஒரு மணித்தியாலம் ஆடாமல் பிடிச்சவர் எண்டு இப்பவும் பகிடி விடுவம்.

பிறகு வெளிநாட்டில் இருக்கிற ஊர்ச் சனம் காசு சேர்த்து அனுப்பினது. டிஜிட்டல் மிக்ஸர் வந்தது, கமரா வந்தது, ஸ்ராண்ட் வந்தது. பேரவைக் கூட்டத்தில் பெட்டி பிரிச்சு, செபம் சொல்லி, படம் எடுத்து அனுப்பினம். பெட்டிக்குள் எல்லாம் இருந்தது. அதைப் பாவிக்கப் பழக்கிறது ஆர், பழுதானால் திருத்தக் காசு எங்கால, வாராவாரம் வந்து நிக்கப்போறது ஆர் எண்ட மூண்டையும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தரும் கேக்கேல்லை. நாங்களும் கேக்கேல்லை. புதுச்சாமான் பார்த்த புழுகம்.

தொடங்கேக்க ஒன்பது பேர். ரெண்டு வருசத்தில் மூண்டு பேர். ஏன் குறைஞ்சம் எண்டு கேட்டால் பெரியவை சொல்லுற பதில் ஒண்டுதான்: "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு அர்ப்பணிப்பு இல்லை." நாங்கள் விட்டுப்போன ஆக்களிட்டை நேரில் போய்க் கேட்டம். அவை சொன்னது வேற.

ஒருவர் எங்களில் வயது குறைஞ்ச பெடியன். மறையுரை நடக்கேக்க மைக் "கூ" எண்டு கத்தினது. அப்ப பீடத்திலிருந்து, அதே மைக்கில், "பின்னால நிக்கிறவை நித்திரையோ?" எண்டு ஒரு கேள்வி வந்தது. சனம் சிரிச்சது. பெடியனுக்கு முகம் சிவந்து போச்சு. அண்டைக்குப் பிழை அவனில் இல்லை. பூசைக்கு முன்னம் ஆரோ பூச்சாடி வைக்கிறதுக்காக ஸ்பீக்கரை அரைவட்டம் திருப்பி விட்டிருக்கினம். ஸ்பீக்கரின் முகம் மைக்கைப் பார்த்தால், மைக்கில் போன சத்தம் ஸ்பீக்கரால் வந்து திரும்பவும் மைக்குக்குள் போகும். அந்தச் சுற்றுத்தான் கத்துறது. பெடியன் அடுத்த கிழமை வரேல்லை. அதுக்கடுத்த கிழமையும் இல்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டபோது சொன்னான்: "பேசினதுக்கு இல்லை அக்கா. என்ன நடந்ததெண்டு ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை."

நாங்களும்தான் கேக்கேல்லை. நாங்களும் சனத்தோடு சேர்ந்து லேசாகச் சிரிச்சனாங்கள். அது இப்பவும் உறுத்துது.

இன்னொருவர் முதல் நாள் போன் பிடிச்ச அந்த அண்ணா. அவர் கோபிச்சுக்கொண்டு போகேல்லை. வேலை கிடைச்சு வெளிநாடு போயிட்டார். போன அடுத்த ஞாயிறு நாங்கள் மேசைக்கு முன்னால் நிண்டு ஆளை ஆள் பார்த்தம். ஃபேஸ்புக் பக்கத்தின் பாஸ்வேர்ட் அவரின் போனில். மிக்ஸரில் எந்தச் சனல் எந்த மைக் எண்டது அவரின் தலைக்குள். வட்ஸ்அப்பில் கோல் எடுத்து, அவர் அங்கே வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டே, "மூண்டாவதை ஏத்து, ஏழைக் குறை" எண்டு சொல்லச் சொல்லப் பூசையை ஓட்டினம். அவர் நல்லவர், கெட்டிக்காரர். ஆனால் கெட்டிக்காரர் ஒருவரில் எல்லாம் தங்கி நிக்கிறது குழு இல்லை. அவருக்கும் அது பாரம். நாலு வருசத்தில் ஒரு ஞாயிறும் அவர் பூசையில் இருந்து பூசை காணேல்லை.

மூண்டாவது ஆள் எங்கட பீடத்திலேயே படிக்கிற ஒரு பிள்ளை. கோயில் பாடகர் குழுவில் சின்ன வயசிலிருந்து பாடுறா. ஊடகக் குழுவுக்கு வந்தபோது அவவுக்குக் குடுத்த வேலை புரொஜெக்ரரில் பாட்டு வரிகளை மாத்துறது. "மிக்ஸர் பழகட்டோ?" எண்டு கேட்டதுக்கு, பாரம் தூக்கவேணும், வயர் இழுக்கவேணும், பெருநாள் முடிய இரவாகும் எண்டு காரணங்கள். இண்டைக்கு வாற டிஜிட்டல் மிக்ஸரை ஒரு ரப்லெற்றில் விரலால் தள்ளி இயக்கலாம். பாரம் தூக்கிறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? சவுண்டுக்கு வேண்டியது காது. ஆல்ரோ ஆக்களின் குரல் அமிழ்ந்து போறதை முதல் கண்டுபிடிச்சது எப்பவும் அவதான். நாங்கள் வகுப்பில் பெண்ணியக் கோட்பாடு பற்றி அசைன்மென்ற் எழுதுறம். ஞாயிற்றுக்கிழமை வந்து அவவை வரி மாத்த விடுறம். அவ விலகினதில் ஆச்சரியம் இல்லை. அவ ரெண்டு வருசம் இருந்ததுதான் ஆச்சரியம்.

இப்ப "அர்ப்பணிப்பு" எண்ட சொல்லுக்கு வருவம். ஒரு மணித்தியாலப் பூசைக்கு நாங்கள் அரை நாள் செலவழிக்கிறம். முன்னேரமே போய் வயர் போடவேணும், சவுண்ட் பார்க்கவேணும், வாசகங்களும் பாட்டுகளும் ரைப் பண்ணவேணும், முடிய எல்லாம் சுருட்டி அடுக்கவேணும், வீடியோவை வெட்டி ஏத்தவேணும். 720 தரத்தில், செக்கனுக்கு 2.5 மெகாபிற்றில் ஒரு மணித்தியாலம் லைவ் போனால் ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேல டேட்டா முடியும். கன நாள் அது எங்கட சொந்த ரீலோட்டில் போனது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் நிண்ட நேரம், ஜெனரேற்றருக்கு எண்ணெய் எடுக்க வரிசையில் நிண்டதும் நாங்கள்தான். இதை எல்லாம் கணக்குக் காட்டிக் காசு கேக்கிறதுக்குச் சொல்லவில்லை. விரும்பித்தான் செய்தம். ஆனால் களைப்பாக இருக்கு, எக்ஸாம் வருது, ரெண்டு கிழமை ஏலாது எண்டு சொன்ன உடன, "இது ஆண்டவருக்குச் செய்யிற பணி" எண்டு ஒரு பதில் வரும். அந்த வசனத்துக்குப் பிறகு ஒருத்தரும் ஒண்டும் கதைக்க ஏலாது. ஆண்டவரே ஏழாம் நாள் ஓய்வெடுத்தவர் எண்டு மறைக்கல்வியில் படிப்பிச்சது ஆர்? தொண்டு எண்டது ஓம் எண்டு சொல்லவும் இல்லை எண்டு சொல்லவும் உரிமை இருக்கிற இடத்தில்தான் தொண்டு. இல்லை எண்டு சொல்ல ஏலாதெண்டால் அதுக்கு வேற பேர்.

"அப்ப சம்பளத்துக்கு ஆள் பிடியுங்கோவன்" எண்டு சிலர் சொல்லுவினம். வெளிநாடுகளில் பெரிய சபைகள் சிலதில் இதுக்கெண்டே முழுநேர ஆக்கள் இருக்கினம். திருவிழாவுக்கு நாங்களும் சவுண்ட்காரரைப் பிடிக்கிறனாங்கள்தான். அதில் பிழை இல்லை. ஆனால் வாராவாரம் அப்படிச் செய்ய எங்கட பங்குக்குக் காசு காணாது. காசு இருந்தாலும், பாடுறது, வாசிக்கிறது, பீடத்தில் உதவுறது எல்லாம் பங்குச் சனம் செய்யேக்க, சத்தம் கேக்கப்பண்ணுறதை மட்டும் ஏன் வெளியில் குடுக்கவேணும்? அதுவும் வழிபாட்டில் ஒரு பங்குதான். கேக்காத வாசகத்தால் ஆருக்கு என்ன பிரயோசனம்? எங்களுக்கு ஆள் பற்றாக்குறை எண்டு சொல்லுறது பாதிதான் உண்மை. வந்த ஆக்களை வைச்சிருக்கத் தெரியாதது மற்றப் பாதி.

மூண்டு பேராக நிண்டபோது ஒரு வேலை செய்தம். ஒரு மாதம் லைவை நிப்பாட்டினம். சண்டை வந்தது. "வெளிநாட்டில இருந்து காசு அனுப்பினவைக்கு என்ன மறுமொழி?" எண்டு பேரவையில் கேட்டினம். சவுண்டை மட்டும் பார்த்துக்கொண்டு, மற்ற நேரத்தில் இருந்து கதைச்சம். புதுச்சாமான் ஒண்டும் வாங்கவில்லை. முறைகளைத்தான் மாத்தினம். மற்றப் பங்குகளில் இருக்கிற எங்கட வயசு ஆக்களுக்குப் பிரயோசனப்படலாம் எண்டதால் எழுதுறம்.

முதலாவது, ஒரு வேலைக்கு ரெண்டு பேர். ஒருவர் செய்வார், மற்றவர் பக்கத்தில் நிண்டு பழகுவார். ஆறு கிழமையில் இடம் மாறும். பழகுற ஆள் செய்யேக்க செய்த ஆள் கை வைக்கக்கூடாது. இதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. தெரிஞ்ச ஆளுக்குச் சும்மா நிக்க ஏலாது, கை துடிக்கும். சும்மா நிக்கப் பழகிறதும் தலைமைத்துவம்தான் எண்டு பிறகுதான் விளங்கினது.

ரெண்டாவது, தலைக்குள் இருக்கிறதை மட்டையில் எழுதுறது. மிக்ஸரில் ஒவ்வொரு சனலுக்கும் ரேப் ஒட்டி "வாசகம்", "பீடம்", "பாடகர் 1" எண்டு தமிழில் எழுதினம். பக்கத்தில் ஒரு மட்டை: போடேக்க மிக்ஸர் முதல், அம்பிளிஃபயர் கடைசி, நிப்பாட்டேக்க அம்பிளிஃபயர் முதல். மாறிச் செய்தால் ஸ்பீக்கர் "டொப்" எண்டு அடிக்கும், பழுதாகவும் கூடும். 48 வோல்ற் போடுறதுக்கு முன்னம் அந்தச் சனலை மியூற் பண்ணவேணும். வயரை முழங்கையில் சுத்தக்கூடாது, உள்ளுக்கு முறுகி அறும். பெரிய பூசைக்கு முன்னம் வயர்லெஸ் மைக்குக்குப் புது பற்றரி. பாஸ்வேர்ட் ஒரு கொப்பியில், கொப்பி பங்குமனை அலுமாரியில். இதெல்லாம் சின்ன விசயங்கள். ஆனால் ஒரு புதுப்பிள்ளை ஆரையும் கேக்காமல், வெக்கப்படாமல் தொடங்கிறதுக்கு அந்த மட்டை காணும்.

மூண்டாவது, பிழையைப் பற்றிக் கதைக்கிறது மேசையடியில், பூசை முடிஞ்ச பிறகு, பத்து நிமிசம். ரீ குடிச்சுக்கொண்டு. "ஆர் விட்டது?" எண்டு கேக்கிறேல்லை, "என்ன நடந்தது?" எண்டு கேக்கிறது. ஃபாதரிட்டையும் இதைச் சொன்னம். பயந்து பயந்துதான் போனம். மைக்கில் இருந்து எங்களைக் கூப்பிடாதேங்கோ, கை காட்டுங்கோ எண்டு கேட்டம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அந்தப் பெடியனின் பேரைச் சொல்லி, அவன் வீடு எங்க எண்டு கேட்டார். அவர் போனாரோ, என்ன கதைச்சாரோ எங்களுக்குத் தெரியாது. பெடியன் ஒரு மாதத்தில் திரும்பி வந்திட்டான்.

நாலாவது, வாசிக்கிற ஆக்களையும் கூப்பிட்டு அரை மணித்தியாலம் பழகினது. மைக்குக்கும் வாய்க்கும் இடையில் இருக்கிற தூரம் ரெண்டு மடங்கானால் சத்தம் கிட்டத்தட்ட 6 டெசிபல் குறையும். அதைச் சரிக்கட்ட நாங்கள் ஏத்தினால் மைக் கத்தும். ஒரு சாண் தூரத்தில் நிண்டு நிதானமாக வாசிச்சால் பாதிப் பிரச்சினை இல்லை. எங்கட கோயில் பழைய கல்லுக் கட்டடம், உயரக் கூரை. சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து சொல்லுகளைக் குழப்பும். அங்கே சவுண்டைக் கூட்டினால் தெளிவு கூடாது, குழப்பம்தான் கூடும். "கேக்கேல்லை, கூட்டுங்கோ" எண்டு கை காட்டுற அங்கிள்மாருக்கு இதை விளங்கப்படுத்தினம். சிலருக்கு விளங்கினது.

அஞ்சாவது, காசு. இனி ஆரும் "என்ன வாங்கி அனுப்ப?" எண்டு கேட்டால் எங்கட பதில்: நல்ல வயர், பற்றரி, டேட்டா, ரெண்டு பேரைப் பழக்க அனுப்பப் பஸ் காசு. லைவ் அனுப்ப ஓபிஎஸ், பாட்டு வரி போட ஓப்பன்எல்பி, ரெண்டும் இலவசம். கமரா கடைசி. கமரா வாங்கலாம், பிடிக்க ஆள் இல்லையெண்டால் அது அலுமாரியில் பூஞ்சணம் பிடிக்கும்.

லைவைத் திருப்பித் தொடங்க முன்னம் இன்னொரு கேள்வியையும் கதைக்கவேண்டி இருந்தது. ஆருக்காக லைவ்? ஒரு சாவு வீடு எங்கட நினைவில் இருக்கு. இறந்த அம்மாவின் மகன் வெளிநாட்டில், விசா இல்லாமல், திரும்பி வர ஏலாத நிலையில். அடக்கப் பூசையை எங்கட போனால்தான் பார்த்தவர். பெட்டியை மூடமுன்னம் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோகச் சொல்லி அவர் கேட்டதும், போன் பிடிச்சவர் அழுதழுது கிட்டப் போனதும் எங்களுக்கு மறக்காது. ரெக்னோலஜி வேண்டாம் எண்டு எங்களால் சொல்ல ஏலாததுக்கு அந்த ஒரு நாள் காணும்.

ஆனால் அதே போனால்தான், அழுகிற சனத்தின் முகங்களை அவையிட்டைக் கேக்காமல் உலகத்துக்கே காட்டியும் இருக்கிறம். சின்னப் பிள்ளைகளின் முகத்தையும், நற்கருணை வாங்க நாக்கை நீட்டுற ஆக்களையும் கிட்ட எடுத்துப் போட்டிருக்கிறம். ஆர் அனுமதி தந்தது? இப்ப சாவு வீட்டு லைவ் பொதுப்பக்கத்தில் போகாது. குடும்பம் கேட்டால், குடும்பத்துக்கு மட்டும் ஒரு லிங்க். நற்கருணை நேரம் கமரா பீடத்தையோ சுரூபத்தையோ பார்க்கும், ஆக்களைப் பார்க்காது.

இன்னொண்டும் கண்டம். லைவ் பார்க்கிற ஆக்கள் அனேகமாக வெளிநாட்டில். கோயிலிலிருந்து அரைக் கிலோமீற்றரில் படுக்கையில் கிடக்கிற அப்பம்மாமாரிட்டை ஸ்மார்ட் போனும் இல்லை, டேட்டாவும் இல்லை. வருத்தக்காரருக்காக லைவ் எண்டு சொல்லிக்கொண்டு, எங்கட ஊர் வருத்தக்காரரை மறந்திட்டம். இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை எண்டதைத் திருச்சபை 2002இல் இணையம் பற்றி வெளியிட்ட ஆவணத்தில் தெளிவாகவே சொல்லியிருக்கு. படம் போகும், நற்கருணை போகாது. ஆகவே இப்ப ஞாயிறு பின்னேரம் நற்கருணை கொண்டுபோற ஆக்களோடு எங்களில் ஒருவர் போவார். காலைப்பூசையின் மறையுரையும் ரெண்டு பாட்டும் போனில் இருக்கும். கட்டிலடியில் இருந்து போட்டுக் காட்டுவம். முதல் நாள் ஒரு அப்பு மறையுரையை விட்டிட்டு, பின்வரிசையில் இருந்த தன்ர கூட்டாளியைத் தேடிக் கண்டுபிடிச்சுச் சிரிச்சார். எங்கட வீடியோ ஒண்டை அவ்வளவு கவனமாகப் பார்த்த ஆள் வேற இல்லை.

இவ்வளவும் செய்து எல்லாம் சரியாகிவிட்டதெண்டு சொல்ல மாட்டம். இப்ப ஆறு பேர் இருக்கிறம். எக்ஸாம் காலத்தில் அது நாலாகும். ஒரு ஸ்பீக்கர் இன்னும் இரையுது. லைவ் பிந்தித்தான் போகும், சில நாள் அறுந்தும் போகும். பேரவையில் சிலருக்கு எங்களோடு கோபம் இன்னும் தீரேல்லை. பொறுப்பாக நிக்கிற ஆள் இனி மேசையில் ஒரு வேலையும் எடுக்கிறதில்லை எண்டு ஒரு முடிவு எடுத்திருக்கிறம். கை சும்மா இருந்தால்தான் ஆருக்கு முகம் வாடியிருக்கு எண்டு பார்க்கலாம். அதை ஒழுங்காகச் செய்ய இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறம்.

இந்த முறை பெரிய சனிக்கு முதல் அந்த லைற்றைப் பற்றிக் கதைச்சம். முடிவு சுகமாக வந்தது. லைற் போடுறேல்லை. லைவ் கறுப்பாகப் போகட்டும். மிக்ஸரில் நிண்டது பாடகர் குழுவில் இருந்து வந்த அந்தப் பிள்ளை. கெஞ்சித்தான் திரும்பக் கூட்டிவந்தம். லைவின் கீழே அவவே ஒரு வரி எழுதிப் போட்டா: "இப்ப கோயில் இருட்டு. கமரா பழுதில்லை. ஏலுமெண்டால் நீங்களும் வீட்டு லைற்றை நிப்பாட்டி ஒரு மெழுகுதிரி வையுங்கோ."

அப்ப பாரிசில் பின்னேரம் ஏழரை, ரொறன்ரோவில் மத்தியானம் ஒண்டரை. அங்கே வெயில் எறிச்சுக்கொண்டு இருந்திருக்கும். ரெண்டு நிமிசம் ஒரு கொமென்றும் வரேல்லை. பிறகு ஒருவர் எழுதினார், "சத்தம் நல்லாக் கேக்குது." எங்களுக்கு அது காணும்.

இதை வாசிக்கிற ஆக்களிட்டை ஒரு சின்ன வேண்டுகோள். கத்தோலிக்கக் கோயிலோ, மெதடிஸ்த சபையோ, உங்கட ஊர்ச் சபைக் கூடமோ, பின்னால் ஒரு மேசையில் ஒரு பெடியனோ பெட்டையோ வயரோடு நிக்கும். வாற ஞாயிறு மைக் கத்தினால் திரும்பிப் பார்க்காதேங்கோ. கத்தாட்டில், முடிஞ்சு போகேக்கை போய், சாப்பிட்டாச்சோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ.